கதவோர நாற்காலியில் இனி யார் உட்காருவது?

பேரன்பும் பெருமதிப்பும் கொண்ட மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்தோடு எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். படியேறும்போது மட்டும் முழங்கால் கொஞ்சம் முனகுகிறது. உங்கள் நலமும் அக்காவின் நலமும் அறிய ஆவல். உங்கள் தங்கையும் நலம்தான். சொல்லப்போனால் தேவைக்கு மேலேயே நலமாக இருக்கிறாள். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். படித்து முடித்த கையோடு கிடைக்கிற முதல் பேருந்தைப் பிடித்துப் புதன்கிழமைக்குள் நீங்கள் இங்கே வந்து சேர வேண்டும். வியாழன் காலை பதினோரு மணிக்கு அவளுக்கு ஆய்வகத் தலைவர் பதவிக்கான நேர்முகத் தேர்வு. அதற்கு அவள் போகாமல் இருக்க வேண்டும். நான் சொல்லிக் கேட்கிற கட்டத்தை எல்லாம் அவள் எப்போதோ தாண்டிவிட்டாள். நீங்கள் மூத்தவர். நில அளவை வேலைக்குப் போகும்போது அளக்கும் சங்கிலியின் மறுமுனையைப் பிடிக்க அவளைத்தான் கூட்டிப்போவீர்களாம், இன்னமும் பெருமையாகச் சொல்லுவாள். நீங்கள் சொன்னால் ஒருவேளை கேட்பாள்.

முப்பத்தொரு வருடம் ஆவணக் காப்பறையில் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவன் நான். எதையும் முதல் தாளிலிருந்து சொன்னால்தான் எனக்குச் சொன்ன மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் தங்கை வேலை பார்க்கும் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் ஒரு மீட்டிங் அறை உண்டு. நீள மேசை, ஒன்பது நாற்காலி. அதில் ஒன்று கதவை ஒட்டிக் கிடக்கும். அந்த நாற்காலியில் யார் உட்காருகிறாரோ அவர்தான் நடவடிக்கைக் குறிப்பு எழுத வேண்டும், போன் அடித்தால் எடுக்க வேண்டும், டீ வந்தால் வாங்கி வைக்க வேண்டும், மறந்துபோன ஃபைலை ஓடிப்போய் எடுத்துவர வேண்டும். இப்படி எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை, ஆனால் எழுதிய சட்டத்தை விட ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. பத்தொன்பது வருடமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்தவள் உங்கள் தங்கை. அங்கே இருக்கிறவர்களில் அதிகம் படித்தவளும் அவள்தான். நாலு வருடத்துக்கு முன்னால், ஆறு பகுதிகளின் தண்ணீரில் ஒரே எண்ணிக்கையில் கிருமி இருப்பதாகக் கணக்கு வந்தபோது அதில் ஏதோ கோளாறு என்று கண்டுபிடித்தவள் அவள். ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருத் தெருவாக நடந்து, மாதிரி எடுக்கும் ஆட்கள் ஆறு பாட்டிலையும் ஒரே குழாயில் நிரப்பிக்கொண்டு வருவதைக் கையும் களவுமாகப் பிடித்தாள். அந்த அறிக்கையை மேலதிகாரிகள் முன்னால் வாசித்தவர் மட்டும் வேறொருவர், அவளிடம் வேலை கற்றுக்கொண்ட இளையவர். வெயிலோ மழையோ கழுத்தில் டை இல்லாமல் வரமாட்டார் என்பதால் எங்கள் வீட்டில் அவருக்கு டைக்காரர் என்று பெயர். அவர் வாசிக்கும்போது உங்கள் தங்கை கதவோரம் உட்கார்ந்து குறிப்பு எழுதிக்கொண்டிருந்தாள்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில், பெண் விஞ்ஞானிகளுக்குத் தலைமைப் பயிற்சி என்று பன்னிரண்டு சனிக்கிழமை வகுப்பு ஒன்று வந்து சேர்ந்தது. மண் ஆராய்கிற ஒருவர், மாட்டுக்குத் தடுப்பூசி தயாரிக்கிற ஒருவர், தொலைநோக்கியில் நட்சத்திரம் பார்க்கிற ஒருவர் என்று மொத்தம் பதினான்கு பெண்கள். நானும் சந்தோஷமாகத்தான் அனுப்பினேன். சனிக்கிழமை வீடு அமைதியாக இருக்குமே என்று நினைத்தேன். ஒவ்வொரு வாரமும் வீட்டுப்பாடம் கொடுப்பார்கள் என்பதும், அந்த வீட்டுப்பாடத்துக்கு வீடு என் வீடுதான் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது.

முதல் வாரப் பாடம், தேவையில்லாமல் ‘சாரி’ சொல்வதை எண்ணுவது. ஒவ்வொரு சாரிக்கும் ஒரு பொத்தான் கண்ணாடி ஜாடியில் விழ வேண்டும். வீட்டில் இருந்த பழைய சட்டைப் பொத்தான் எல்லாம் போதாமல், போட்டுக்கொண்டிருந்த என் சட்டையைப் பார்த்தாள். முதல் நாள் மட்டும் நாற்பத்தொரு பொத்தான். தண்ணீர்க் குழாய் கசிந்ததற்கு ஒரு சாரி, நான் அவள் காலை மிதித்ததற்கு அவள் சொன்ன சாரி ஒன்று, ராங் நம்பரில் கூப்பிட்டவரிடம் இரண்டு. மூன்றாம் வாரத்தில் ஒரு நாளைக்கு நான்கைந்தாகக் குறைந்தது, அப்புறம் ஜாடியில் சத்தமே இல்லை. அது பரவாயில்லை. இரண்டாம் வாரப் பாடம்தான் என் பிழைப்பைக் கெடுத்தது. அடுத்தவர் தாங்களே கண்டுபிடிக்கக்கூடிய விஷயத்துக்கு நாம் விடை சொல்லக் கூடாதாம், கேள்வியைத் திருப்பிக் கேட்க வேண்டுமாம். காலையில் வழக்கம்போல, “என் கண்ணாடி எங்கே?” என்று கேட்டேன். அவள் பல் துலக்கிக்கொண்டே, “உங்களுக்கு என்ன தோணுது?” என்றாள். எனக்கு என்ன தோணும்? கண்ணாடி இல்லாமல் எனக்கு ஒன்றும் தெரியவே தெரியாது. “எங்க தேடலாம்னு நினைக்கிறீங்க? கடைசியா எங்க வெச்சீங்க?” என்று அன்பாகக் கேட்டுவிட்டுப் போயேவிட்டாள். அன்று மதியம் வரை கண்ணாடி இல்லாமல் சுவரைத் தடவிக்கொண்டு திரிந்தேன். கடைசியில் அது சட்டைப் பையிலேயே இருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை.

அடுத்ததாக நாற்காலிப் பாடம். ஒரு திங்கட்கிழமை மீட்டிங்குக்குப் பத்து நிமிடம் முன்னாலேயே போய், மேசையின் நடுவில், தலைவருக்கு நேர் எதிரில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை, சண்டை இல்லை, உட்கார்ந்தாள், அவ்வளவுதான். மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து, கதவோர நாற்காலியைப் பார்த்து, அவளைப் பார்த்து, சுற்றிக்கொண்டு வேறு பக்கம் போனார்களாம். கடைசியாக வந்த டைக்காரருக்கு அது ஒன்றுதான் மிச்சம். டீ வந்தது. எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் உங்கள் தங்கையைப் பார்த்தார். அவள் ஜன்னலைப் பார்த்தாள். டீ ஆறியது. அன்று குறிப்பும் யாரும் எழுதவில்லை. அடுத்த வாரம், முந்தைய வாரம் என்ன முடிவு செய்தோம் என்று யாருக்கும் தெரியாமல் அதையே மறுபடியும் முடிவு செய்திருக்கிறார்கள். மூன்றாம் வாரம் டைக்காரரே பேனாவை எடுத்தாராம். இதைச் சொல்லி உங்கள் தங்கை சிரித்த சிரிப்பைப் பார்த்து நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டேன். அது என் தவறு.

ஏனென்றால் மறுநாளே அந்தப் பாடத்தை எங்கள் சாப்பாட்டு மேசைக்கும் கொண்டுவந்துவிட்டாள். மச்சான், உங்களுக்கே தெரியும், எங்கள் மேசையில் ஜன்னல் பக்கம் என் இடம், சமையலறைப் பக்கம் அவள் இடம். கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படித்தான். வந்து பார்த்தால் ஜன்னல் பக்கம் அவள் உட்கார்ந்து தெருவை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறாள். சரி, நாற்காலிதானே என்று எதிரில் உட்கார்ந்தேன். அந்த ஒரு வேளைச் சாப்பாட்டில் ஏழு தடவை எழுந்தேன். உப்புக்கு ஒரு தடவை, தண்ணீருக்கு இரண்டு தடவை, அடுப்பை அணைத்தோமா என்று பார்க்க ஒரு தடவை, போனுக்கு ஒரு தடவை, கரண்டிக்கு, மறுபடி உப்புக்கு. “நான் ஒண்ணும் சொல்லலையே, நீங்களாத்தானே எழுந்தீங்க?” என்றாள். அதுதான் எனக்கும் புரியவில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தானாகவே எழுந்துவிடுகிறது. இத்தனை வருடம் அவள் எப்போது சாப்பிட்டாள் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன். யோசித்து முடிப்பதற்குள் போன் அடித்தது. நட்சத்திரம் பார்க்கிற அம்மாள். மேலதிகாரியிடம் ‘முடியாது’ என்று சொல்லப் பழக வேண்டுமாம், நான் கொஞ்ச நேரம் மேலதிகாரியாக இருக்க முடியுமா என்று கேட்டார். இருந்தேன். பன்னிரண்டு தடவை என்னிடம் முடியாது என்று சொல்லிவிட்டு, நன்றி கூறி வைத்துவிட்டார்.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். ஏழாவது வாரப் பாடத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. இனி எழுதப்போவது உங்களுக்கும் சம்பந்தப்பட்டது. உட்கார்ந்து படியுங்கள்.

தனக்குக் கிடைக்க வேண்டியிருந்து கிடைக்காமல் போனவற்றை ஒரு தாளில் எழுத வேண்டும், அது ஏன் கிடைக்கவில்லை என்று உரியவரிடமே நேரில் போய்க் கேட்க வேண்டும். இதுதான் பாடம். உங்கள் தங்கை அவளுடைய ஆய்வகத் தலைவரிடம் போனாள். நல்ல மனிதர், பெரியவர், அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். பதினோரு வருடத்துக்கு முன்னால் இந்தப் பதவி காலியானபோது என்னை ஏன் யாரும் கேட்கவில்லை என்று அவரிடம் கேட்டிருக்கிறாள். அவர் ஆச்சரியப்பட்டு, “என்னம்மா இப்படிக் கேட்கறீங்க? முதல்ல உங்களைத்தானே கேட்டாங்க. வீட்டுக்குப் போன் பண்ணினாங்களே. நீங்க வேண்டாம்னு சொன்னதாலதானே எனக்கு வந்தது” என்றாராம்.

மாலை ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்தாள். பையைக் கீழே வைக்கவில்லை. “பதினோரு வருஷத்துக்கு முன்னாடி எங்க தலைமை அலுவலகத்துலேர்ந்து ஒரு போன் வந்துதா?” என்றாள். நான் திருதிருவென்று விழித்து, “எத்தனையோ போன் வரும், எதை ஞாபகம் வெச்சுக்கறது?” என்று பூசி மெழுகினேன். அப்போதுதான் அவள் பார்வை அலமாரிப் பக்கம் போனது. நான் நகர்ந்து அதை மறைத்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்கு வருகிற ஒவ்வொரு போனையும் தேதி, நேரம், யார், என்ன விஷயம், எடுத்த நடவடிக்கை என்று நோட்டில் எழுதி வைப்பவன் நான் என்று நீங்களே எத்தனையோ முறை கிண்டல் செய்திருக்கிறீர்கள். வருடத்துக்கு ஒரு நோட்டு, அட்டையில் சீட்டு ஒட்டி வரிசையாக நிற்கிறது. இத்தனை வருடத்தில் அவள் அதைத் தொட்டதே இல்லை. அவளுக்கு அவசியம் இருந்ததில்லை, முக்கியமான போன் வந்தால் நான் சொல்லிவிடுவேன் என்று நம்பியிருந்தாள். இரண்டே நிமிடத்தில் சரியான பக்கத்தை எடுத்துவிட்டாள். எங்கள் காப்பறையில்கூட ஒரு பழைய ஃபைலை இவ்வளவு சீக்கிரம் யாரும் எடுத்ததில்லை, நான் அடுக்கிய ஒழுங்கு அப்படி. ஒரு கணம் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர்ப் பரிசோதனை முடிவை வாசிக்கிற அதே குரலில் வாசித்தாள். “காலை 10.20. தலைமை அலுவலகம். இவளை ஆய்வகத் தலைவராக நியமிக்க உத்தேசம். மதியத்துக்குள் சம்மதம் தேவை. 10.35, மச்சானிடம் பேசினேன். அவளுக்கு எதுக்கு இந்தத் தலைவலி என்றார். 10.50, விருப்பமில்லை எனத் தெரிவிக்கப்பட்டது. முடிந்தது.” கடைசிச் சொல்லுக்குக் கீழே சிவப்பு மையில் இரட்டைக்கோடு வேறு போட்டிருந்தேன்.

“அரை மணி நேரத்துல ரெண்டு பேரும் சேர்ந்து முடிச்சிட்டீங்க. நான் அப்ப எங்க இருந்தேன்?” என்றாள்.

“அணைக்கட்டுல. தண்ணி மாதிரி எடுக்க மூணு நாள் போயிருந்தே.”

“நாலாவது நாள் வந்தேனே.”

மச்சான், இதற்குப் பதில் உங்களிடம் இருந்தால் வரும்போது எடுத்துவாருங்கள். அவள் நோட்டை மூடி என் கையில் கொடுத்து, “அதே இடத்துல வைங்க” என்றாள். அன்றிலிருந்து தேவையானதை மட்டும் பேசுகிறாள். மறுநாள் விண்ணப்பத்தைத் தானே எழுதி, தானே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? அந்த வருடம் எனக்கும் எங்கள் பிரிவில் கண்காணிப்பாளர் பதவி வர வேண்டியிருந்தது. என்னை விட இளையவனுக்குப் போய்விட்டது. எனக்கு அதெல்லாம் பிடிக்காது, நானேதான் வேண்டாம் என்றேன் என்று உங்களிடமும் சொன்னேன், அவளிடமும் சொன்னேன். அது பொய். அந்த ஆற்றாமையில் லீவு போட்டு வீட்டில் கிடந்த வாரத்தில்தான் அவளுக்கு இந்தப் போன் வந்தது. தலைவரின் கணவனாக, கடைசி மேசைக் குமாஸ்தாவாக ஒரே வீட்டில் எப்படி இருப்பது என்று பயந்துவிட்டேன். அவள் உடம்புக்காக, வீட்டுக்காக என்றெல்லாம் எனக்கே சொல்லிக்கொண்டேன். பயம்தான், வேறொன்றும் இல்லை.

இப்போது இருப்பது அதைவிடப் பெரிய பயம். பதவி டைக்காரருக்குத்தான் என்று ஊரே பேசிக்கொள்கிறது. அவள் போய், ஐந்து பேர் முன்னால் உட்கார்ந்து, கிடைக்காமல் திரும்பி வந்தால், அன்றைக்கே கிடைத்திருக்க வேண்டியது என்பதை அவள் மறப்பாளா, நான்தான் மறப்பேனா? போகாமலே இருந்துவிட்டால் கிடைத்திருக்குமா கிடைத்திருக்காதா என்ற பேச்சே எழாது. ஆகவே நீங்கள் புதன்கிழமை வந்து, வயது, உடம்பு, ரத்த அழுத்தம் என்று பக்குவமாக எடுத்துச் சொல்லி, இந்த ஒரு தடவை விட்டுவிடச் சொல்லுங்கள். கூடவே, நான் ரொம்பவும் வருந்துகிறேன் என்பதையும் என் சார்பில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் உபகாரமாக இருக்கும். எனக்கு வாய் வரவில்லை.

அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசிகள், எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயது வாழட்டும். உங்கள் கண் அறுவைக்குப் பிறகு வெயிலில் போகாதீர்கள். பேருந்தில் ஜன்னல் பக்கம் இடம் பிடித்துக்கொள்ளுங்கள், அங்காவது கிடைக்கட்டும்.

என்றும் உங்கள் அன்பை மறவாத,
மைத்துனன்.

பி.கு. மேலே உள்ளதை எழுதி முடித்து இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. தபால்தலை எங்கே இருக்கிறது என்று உங்கள் தங்கையிடம் கேட்டேன். “உங்களுக்கு என்ன தோணுது?” என்றாள். இன்று காலையில்தான் கிடைத்தது, என் நோட்டுகளுக்குப் பின்னாலேயே இருந்திருக்கிறது. இதற்குள் வியாழக்கிழமை வந்தது, அவள் போனாள், ஒன்றரை மணி நேரம் பேசிவிட்டு வந்தாள்.

நேற்று திங்கட்கிழமை. காலை 10.25க்குப் போன் அடித்தது. தலைமை அலுவலகம். அவள் மீட்டிங்கில் கைபேசியை அணைத்து வைத்திருக்கிறாள், அதனால் வீட்டு எண்ணுக்கு அடித்திருக்கிறார்கள். அவளைத் தேர்வு செய்திருக்கிறோம், மதியத்துக்குள் சம்மதம் தேவை, நீங்களே சொன்னாலும் போதும் என்றார் ஓர் அம்மாள். மச்சான், “சம்மதம், சம்மதம்” என்று கத்த வேண்டும் போல இருந்தது. வாய் வரை வந்துவிட்டது. அப்புறம்தான் உறைத்தது, வேண்டாம் என்று நான் சொன்னது எவ்வளவு தப்போ, வேண்டும் என்று நான் சொல்வதும் அவ்வளவு தப்பு. “கொஞ்சம் பொறுங்கம்மா, அவங்களே பேசுவாங்க” என்று சொல்லிவிட்டு, நோட்டில் எழுதிக்கொண்டு, நோட்டையும் தூக்கிக்கொண்டு ஓடினேன். பாதி வழியில் பார்த்தால் இடது காலில் என் செருப்பு, வலது காலில் அவளுடையது.

மீட்டிங் அறையில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். அன்று ஒருவர் லீவாம், உள்ளே காலியாக இருந்தது கதவோர நாற்காலி ஒன்றுதான். அவள் குளோரின் பற்றி ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். “உட்காருங்க, இதை முடிச்சிட்டு வரேன்” என்றாள். உட்கார்ந்தேன். டீ வந்தது, எழுந்து வாங்கி வைத்தேன். போன் அடித்தது, எடுத்தேன். டைக்காரர் என்னை நன்றியோடு பார்த்தார். இடையில் கை சும்மா இருக்காமல் நடவடிக்கைக் குறிப்பும் எழுதிவிட்டேன், மூன்று பக்கம். ஓய்வு பெறப்போகிற தலைவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, இத்தனை வருடத்தில் இவ்வளவு தெளிவான குறிப்பைத் தான் பார்த்ததில்லை என்றார்.

வெளியே தாழ்வாரத்தில் அவள் நோட்டைப் படித்தாள். “என்ன பதில் சொன்னீங்க?” என்றாள். “ஒண்ணும் சொல்லலை. உன்னைக் கேட்கணும்னேன்” என்றேன். அப்புறம் இவ்வளவு நாளும் வராதது தானாக வந்தது. “அன்னிக்கும் இப்படி ஓடி வந்திருக்கணும். சாரி” என்றேன். அவள் குனிந்து என் வலது காலிலிருந்த தன் செருப்பைப் பார்த்தாள். பிறகு போனை எடுத்துப் பேசினாள். ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் இரண்டு விஷயம் இப்போதே சொல்லிவிடுகிறேன் என்றாள். கதவோர நாற்காலியில் வாரம் ஒருவர் உட்கார வேண்டும், தலைவர் உட்பட. தன் கீழே வேலை செய்யும் இரண்டு இளம்பெண்களை அடுத்த பயிற்சிக்கு அனுப்ப வேண்டும். மறுபக்கத்தில் சரி என்றார்கள் போலிருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் நான் அவிழ்த்துப் போட்ட சட்டையிலிருந்து ஒரு பொத்தானைப் பிய்த்து ஜாடியில் போட்டாள். “இது உங்களோடது” என்றாள். அன்று ஜன்னல் பக்கத்தில் இன்னொரு நாற்காலியையும் இழுத்துப் போட்டு இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். உப்பு இல்லாமலே.

ஆகவே நீங்கள் வர வேண்டாம். மேலே எழுதியது எதையும் பொருட்படுத்த வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை என் மனைவியே அங்கே வருகிறாள். பதினோரு வருடத்துக்கு முந்தைய அந்த நோட்டையும் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறாள், நீங்கள் பேசிய 10.35க்கு எதிரில் பென்சிலால் ஒரு கோடு போட்டிருக்கிறாள். என்ன சொல்வது, எங்கே உட்காருவது என்று என்னைக் கேட்காதீர்கள், உங்களுக்கு என்ன தோணுகிறதோ அப்படிச் செய்யுங்கள். அக்காவிடம் மட்டும் சொல்லி, பழைய சட்டை ஒன்றைக் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பொத்தான் உங்களுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்கிறாள்.